தெல்மாவின் துவாலைகளும் டைசன் கிடாவும்

தெல்மா கார்னெட் வீட்டு அலமாரியைத் திறந்தால் துவாலைகள் சரிந்து தலையில் விழும். பூப்போட்டது, கோடு போட்டது, ஓரத்தில் பின்னல் வைத்தது, எல்லாம் பிரிக்காத உறையோடு. காசு கொடுத்து வாங்கியது ஒன்றுகூட இல்லை. ஸ்கெல்டர் பள்ளத்தாக்குக் கண்காட்சியின் மலையோட்டத்தில், பெண்களில் முதலாவதாக வந்ததற்கு வருஷா வருஷம் கிடைத்தவை. ஆண்களில் முதலாவதாக வருபவனுக்கு என்ன தெரியுமா? ஒரு கிடா. டைசன் பண்ணையின் கொம்பு முறுக்கிய செம்மறிக் கிடா. அதே மலை, அதே சேறு, அதே உச்சிக் கல்லைத் தொட்டுவிட்டுத்தான் எல்லோரும் இறங்க வேண்டும். ஆணுக்குக் கிடா, பெண்ணுக்குத் துவாலை. இதை முதலில் யோசித்த மகராசனைக் கூப்பிட்டு மாலைதான் போட வேண்டும்.

தெல்மாவுக்குக் காலையில் தபால் பை, மத்தியானம் ஆட்டு மந்தை. மந்தை அவளுடைய அப்பா விட்டுப்போனது. புருஷன் நார்மன் பேருந்து ஓட்டுகிறவன், ஆட்டுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்பதுவரைக்கும் தெரியும். அவள் தனியாக ஓட்டப் பயிற்சி எடுத்ததே இல்லை. மேட்டுப் பண்ணைகளுக்குக் கடிதம் கொடுத்துவிட்டு, அங்கங்கே துரத்துகிற நாய்களிடமிருந்து தப்பி வந்ததே போதுமானதாக இருந்தது. ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அவள் முதுகைப் பார்த்தே ஓடிப் பழகியவர்கள். "தெல்மாவுக்கு அடுத்தாப்புல வந்தேன்" என்று மதுக்கடையில் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

பரிசு கொடுக்கும்போது கமிட்டித் தலைவர் கத்பர்ட் ஆர்மிஸ்டெட் தவறாமல் ஒரு வசனம் பேசுவார். "இந்தப் பள்ளத்தாக்கே மெச்சுற பொம்பள யாருன்னா, நம்ம தெல்மாதான்." எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு துவாலையைக் கொடுப்பார்.

அந்த வருஷம் வசந்தத்தில் தெல்மாவின் கிடா செத்துப்போயிற்று. இலையுதிர் காலத்துக்குள் மந்தைக்கு ஒரு கிடா வந்தாக வேண்டும். டைசன் பண்ணைக் கிடாவைச் சந்தையில் ஏலம் கேட்க, தபால்காரியின் சம்பளத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதனால் ஒரு நாள் தபால் கொடுக்கப் போன சாக்கில் ஆர்மிஸ்டெட் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயா, இந்த வருசம் பொம்பளைங்களுக்கும் கிடா வைங்க."

"கிடாவா? கிடாவ வெச்சுக்கிட்டு பொம்பள என்னம்மா பண்ணுவா?"

"போன வருசம் ஜெயிச்ச மான்செஸ்டர்காரரு என்ன பண்ணாரு? கார் டிக்கில ஏத்திப் பாத்தாரு. டிக்கி மூடல. டைசன்கிட்டயே திருப்பி வித்துட்டுப் போனாரு."

"அது வேற கத. ஆம்பளைங்க அத்தன பேரு ஓடுறாங்க. பொம்பளைங்க நீங்க நாலே பேரு."

"துவாலைக்கு நாலு பேரு வர்றதே பெருசு ஐயா."

"ஊரே உன்ன மெச்சுதே, அது போதாதா?"

"மெச்சட்டும், நல்லா மெச்சட்டும். அத ஓட்டிக்கிட்டுப் போயி மந்தையில விட்டா குட்டி பொறக்குமா?"

ஆர்மிஸ்டெட் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. இருமியபடியே சிரித்து, சிரித்தபடியே கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்ன சொன்னாரு புள்ள?" என்று வீட்டில் நார்மன் கேட்டான்.

"சிரிச்சாரு."

"சிரிச்சா பாதி சம்மதம்."

"பாதிக் கிடாவ வெச்சு நான் என்னய்யா பண்றது?"

கண்காட்சி அன்று காலையில் மழை கொட்டி, ஓட்டம் தொடங்கும்போது வெயில் அடித்தது. தெல்மா வழக்கம்போல் பெண்களில் முதலாவதாக, முழங்கால்வரை சேறோடு வந்து நின்றாள். ஆண்களில் அதே மான்செஸ்டர்காரர்தான் ஜெயித்தார். ஜூலியன் என்று பெயர், கணக்கு எழுதுகிற வேலை. நல்ல மனுஷன், ஆனால் ஆட்டைத் தட்டில் வைத்துத்தான் பார்த்திருக்கிறார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர் கிடாவைக் கயிறில்லாமல், தன் கையாலேயே பிடித்துத் திடலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். நடுவில் தவறவிட்டால், பிடிக்கிறவர்களுக்கே கிடா சொந்தம். போன வருஷம் பக்கத்திலேயே டைசன் நடந்ததால் ஜூலியன் தப்பித்தார். இந்த வருஷம் எல்லாம் தெரிந்தவர்போல முதுகு மயிரைக் கொத்தாகப் பிடித்தார். தலைமயிரைப் பிடித்து இழுத்தால் நாம் சும்மா இருப்போமா? கிடா ஒரே உதறு. வாத்தியக்காரர்களுக்கு நடுவே புகுந்து, பெரிய மேளத்தைத் தள்ளிவிட்டு, ஜாம் விற்கிற கூடாரத்தின் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறி, மலையைப் பார்க்க ஓட்டம் எடுத்தது.

திடலில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். தெல்மா பின்னால் ஓடவில்லை. மிரண்ட ஆடு மேட்டுக்குத்தான் போகும், மேட்டில் கல்சுவர் மூலையில்தான் போய் முட்டும். தபால் கொண்டுபோகிற குறுக்குப் பாதையில் ஏறி, மூலைக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டாள். கிடா வந்தது, பார்த்தது, பக்கவாட்டில் பாயப் பார்த்தது. அவள் தாடைக்கு அடியில் ஒரு கையையும் கொம்பில் ஒரு கையையும் கொடுத்து நிறுத்திவிட்டாள். அது இரண்டு தரம் தும்மிவிட்டு அடங்கிற்று.

பிடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இது இப்போது என் கிடா. அகலமான முதுகும் தடித்த காலுமாக, இப்படி ஒரு கிடா அவள் அப்பா காலத்தில்கூட அந்த மந்தையில் இருந்ததில்லை. இறங்கி வரும்போதே அடுத்த வசந்தத்தின் குட்டிகள் கண்ணில் துள்ளின.

திடலில் எல்லோரையும்விட அதிகமாகக் கை தட்டியது ஆர்மிஸ்டெட்தான். முகமெல்லாம் நிம்மதி.

"பாத்தியாம்மா, கேட்ட கிடா கெடச்சிருச்சு. இனிமே எதையும் மாத்த வேண்டிய அவசியமே இல்ல. இந்தப் பள்ளத்தாக்கே மெச்சுற..."

தெல்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஓடி ஓடி வந்தாளே, அதற்குக் கிடைக்காதது, ஒரு கணக்கர் கை நழுவவிட்டதால் கிடைக்க வேண்டுமா? நேராக ஜூலியனிடம் நடந்தாள்.

"இந்தாங்க தம்பி. நீங்க ஓடி ஜெயிச்சது. தாடைக்கு அடியில கை குடுங்க. மயிரப் புடிக்காதீங்க, அதுக்கு வலிக்கும்."

"வழக்கப்படி இது உங்களுதுங்க," என்றார் ஜூலியன், பின்வாங்கிக்கொண்டே. கிடாவைக் கண்டு பாதி, அவளைக் கண்டு பாதி.

"ஓடி ஜெயிச்சதுக்குக் குடுத்தா வாங்கிக்கிறேன். ஓடிப்போனதப் புடிச்சதுக்கு வேண்டாம்."

"ஏ புள்ள, கிறுக்கா உனக்கு?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நார்மன் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

அடுத்துப் பேசியவர் யாரும் எதிர்பாராத ஆள். கிடாவைக் கொடுக்கிற கிழவர் ஜாஸ் டைசன், சந்தையில்கூட தலையசைத்தே வியாபாரம் செய்கிறவர். வேலியில் சாய்ந்தபடி, "கத்பர்ட்டு," என்றார். "அடுத்த வருசம் ரெண்டு கிடா தாரேன். ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு. அது ஆவாதுன்னா ஒண்ணும் தரமாட்டேன். துவாலைக்கு ஓடச் சொல்லுங்க எல்லாரையும்."

ஆர்மிஸ்டெட் கையிலிருந்த துவாலையைப் பார்த்தார். ஜாம் கூடாரத்துப் பெண்கள் கரண்டியால் பாட்டிலைத் தட்ட ஆரம்பித்தார்கள். சத்தம் நிற்கவே இல்லை. சரி, சரி என்று அவர் கையைத் தூக்கிய பிறகுதான் நிறுத்தினார்கள்.

சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கிடாவை ஜூலியன் மறுபடியும் டைசனுக்கே விற்றுவிட்டுப் போனார், இலையுதிர் காலத்தில் தெல்மாவின் மந்தைக்கு வாய்த்தது பக்கத்துப் பண்ணையின் ஒற்றைக்கண் கிழட்டுக் கிடா. வசந்தத்தில் பிறந்த குட்டிகள் சொற்பம், பிறந்தவையும் குச்சிக் காலோடு. ஒவ்வொரு குட்டியைப் பார்க்கும்போதும் நார்மன் ஏதோ சொல்ல வாயெடுப்பான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொள்வான். அடுத்த கண்காட்சியில் ஜெயித்தே தீர வேண்டும் என்று அவள் முதல்முறையாகத் தபால் பை இல்லாமல் மலையேறிப் பழகினாள்.

அடுத்த கண்காட்சி வந்தது. பெண்களுக்கும் கிடா என்ற சேதி எங்கெங்கோ பரவிவிட்டிருந்தது. லங்காஷயரிலிருந்து, யார்க்ஷயரிலிருந்து, ஸ்காட்லாந்திலிருந்துகூட வண்டி கட்டி வந்திருந்தார்கள். தொடக்கக் கோட்டில் தெல்மா திரும்பிப் பார்த்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பெண்கள். மெலிந்தவர்கள், நெட்டையானவர்கள், முயல்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு நிற்பவர்கள். போச்சு என் கிடா, என்று நினைத்தாள். நினைத்தவுடன் ஏனோ சிரிப்பும் வந்தது.

உயிரைக் கொடுத்து ஓடினாள். அவள் வாழ்நாளில் ஓடியதிலேயே வேகமான ஓட்டம் அதுதான். மூன்றாவதாக வந்தாள். மூன்றாம் பரிசு என்ன தெரியுமா? துவாலை. அதைக் கொடுக்கும்போது ஆர்மிஸ்டெட் வசனம் எதுவும் பேசவில்லை, காதுவரை சிவந்துபோனார். தெல்மா புல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜெயித்தவள் கெண்டல் நகரத்துப் பெண், பல் டாக்டரிடம் வேலை செய்கிறவள், பெயர் பிரையனி. கிடாவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. நேராக தெல்மாவிடம் வந்தாள்.

"அக்கா, நான் இருக்கிறது மூணாவது மாடி. இத எங்க கட்டுவேன்? நீங்களே எடுத்துக்கங்க. உங்களாலதான் இந்தப் பரிசுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"மொதல்ல சுத்தி வா. நீ ஜெயிச்சது, நீதான் நடத்திக்கிட்டு வரணும். மத்தத அப்புறம் பேசுவோம்."

எழுந்து, தாடைக்கு அடியில் எப்படிக் கை கொடுப்பது என்று காட்டிவிட்டு விலகி நின்றாள். பிரையனி நடுங்கிக்கொண்டே கிளம்பினாள், பாதிச் சுற்றில் நிமிர்ந்தாள். கிடா சாதுவாகக் கூட நடந்தது. அந்தத் திடலில் கிடாவோடு ஒரு பெண் சுற்றுவது அன்றுதான் முதல் தடவை. தெல்மா அழுதுவிட்டாள், கையிலிருந்த துவாலையைப் பிரித்து அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அத்தனை துவாலையில் அவள் பிரித்தது அது ஒன்றுதான்.

"இப்ப வெல சொல்லு," என்றாள், பிரையனி மூச்சு வாங்க வந்து நின்றதும்.

"எனக்கு என்னக்கா தெரியும்? அடுத்த மாசம் கல்யாணம். வீட்டுல ஒழுங்கா ஒரு துவாலகூட இல்ல, எனக்குப் போயி கிடா."

தெல்மா நார்மனைப் பார்த்தாள். நார்மன் அவளைப் பார்த்தான்.

"ஓடுய்யா," என்றாள்.

பேருந்து ஓட்டுகிற மனுஷன் அன்றுதான், வீட்டு அலமாரியைப் பார்க்க ஓடினான். கூடவே ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஒரு ஆட்டுத்தொடை வீடு தேடி வரும் என்று பேச்சு முடிந்தது. கிடா தெல்மாவின் இழுவை வண்டியில் ஏறிற்று. பிரையனியின் சின்னக் காரில் பூப்போட்டதும், கோடு போட்டதும், பின்னல் வைத்ததுமாக எல்லோரும் சேர்ந்து திணித்தார்கள். ஆர்மிஸ்டெட்டே வந்து கை வைத்து அழுத்திப் பார்த்தார். டிக்கி மூடவில்லை.