பெர்கனிலிருந்து நிறுத்திய கார்

காலை ஏழு மணிக்கு டிராமில் ஏறி உட்கார்ந்ததும் என் கைபேசி ஒருமுறை அதிரும். எடுத்துப் பார்த்தால், 'உங்கள் காரின் பின்பக்க இடது கதவு சரியாக மூடப்படவில்லை' என்று ஒரு வரி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே பெர்கன் நகரத்து மழை பெய்துகொண்டிருக்கும். என் கார் நிற்பதோ தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியில், என் பெற்றோர் வீட்டு வாசலில், வெயிலில். குளிர்காலக் கணக்கில் அங்கே மணி பதினொன்றரை. உடனே அம்மாவை அழைத்து, "ம்மா, பின்னாடி கதவு சாத்தலை பாரு" என்பேன். "வாசல்லயே நிக்கிற எனக்குத் தெரியல, அத்தாந்தூரத்துல இருக்கற உனக்கு எப்பிடித் தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே அம்மா நடந்துபோய்க் கதவைச் சாத்துவார். அந்தச் சத்தம் காதில் விழுந்து சில நொடிகள் கழித்து என் திரையில் சிவப்பு மறைந்து பச்சை வரும். எதிரே உட்கார்ந்திருக்கும் நார்வேக்காரர் எதையும் கவனிக்காமல் தன் ஈரக் குடையை மடித்துக்கொண்டிருப்பார். இதைத்தான் நான் கார் வைத்திருப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஜூலையில் விடுமுறைக்கு வந்தபோது என் பெயரில் வாங்கிய மின்சாரக் கார் அது. விளம்பரத்தில் 'குடும்பக் கார்' என்று போட்டிருந்தார்கள், ஐந்து பேர் உட்காரலாம். எங்கள் குடும்பத்தில் மொத்தமே மூன்று பேர், அதில் ஒருத்தி பதினோரு வருடமாக நார்வேயில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அரூருக்கும் தர்மபுரிக்கும் இடையில் அவர் கைபடாத வளைவு கிடையாது. அப்படிப்பட்டவருக்குச் சொந்தமாக நாலு சக்கரம் இருந்ததில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். வண்டி வீட்டுக்கு வந்த அன்று அதற்குப் பூமாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அப்பாவை உட்காரவைத்தோம். அவர் பொத்தானை அமுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அமுக்கினார். "ஸ்டார்ட் ஆயிருச்சா, ஆவலியா?" என்றார். ஆகியிருந்தது, அவர் இரண்டாவது முறை அமுக்கியதில் அணைந்தும் விட்டிருந்தது.

அந்த மூன்று வாரமும் வீட்டில் குழப்பம்தான். அப்பாவின் இடது கை, வண்டியில் இல்லாத கியரைத் தேடிக்கொண்டே இருந்தது. "கால எடுத்தா யாரோ பின்னாடி இருந்து இழுக்கற மாதிரி இருக்குது பாப்பா" என்றார். காலை எடுத்தால் வண்டி தானாகவே வேகம் குறைந்து, கொஞ்சம் சார்ஜையும் சேமித்துக்கொள்ளும் என்று விளக்கினேன். நான் படித்ததைத்தான் சொன்னேன், எனக்கே அது முழுதாக விளங்கவில்லை. தெருவில் படுத்திருந்த ஆடுகள் சத்தம் கேட்காததால் எழுந்திருக்க மறுத்தன. அம்மா சார்ஜ் போடும் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, "இது ஓடறப்ப மிக்ஸி போடலாமா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர், இடி இடித்தால் உள்ளே உட்காரலாமா என்று கேட்டார். அப்பாவுக்குச் சதவீதக் கணக்கு பிடிபடவே இல்லை. "டீசல்னா முள்ளு இருக்கும். இது என்னாது, பரீட்சை மார்க்கு மாதிரி அறுவத்தி மூணுங்குது. பாஸா, ஃபெயிலா?" ஆனாலும் தினம் காலையில் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார். நான் நிம்மதியாக விமானம் ஏறினேன்.

பெர்கனில் என்னோடு வேலை செய்யும் மாரித் என்ற பெண்ணிடம், "எல்பில் வாங்கியிருக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். மின்சாரக் காருக்கு இங்கே அதுதான் பெயர், இங்கே தெருவில் எதைப் பார்த்தாலும் எல்பில்தான். அவள் உடனே குளிரில் பாட்டரி எவ்வளவு இறங்கும், எந்தப் பனி டயர் நல்லது என்று ஆரம்பித்துவிட்டாள். "அங்கே பனியே கிடையாது" என்றேன். எங்கே என்று கேட்டாள். சொன்னேன். "அப்படியானால் அது உன் அப்பாவின் கார்." "இல்லை, என் பெயரில் இருக்கிறது." "போகும்போது நீ ஓட்டுவாயா?" "எனக்கு ஓட்டத் தெரியாது." மாரித் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "பரிசா?" என்றாள். பரிசு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பெற்றவர்களுக்கு யாராவது பரிசு கொடுப்பார்களா? "எங்கள் வீட்டுக் கார். வீட்டுக்காக வாங்கினேன்" என்றேன். அடுத்த வாரம் ஆய்வகத் தலைவர் என்னைத் தனியாக அழைத்து, மிகுந்த கனிவோடு, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார். நான் ஊரோடு போய்விடப் போகிறேன் என்று மாரித் புரிந்துகொண்டு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். 'வீடு' என்று நான் சொன்ன இடத்தில்தானே ஒருவர் வாழ்வார், அங்கே கார் வாங்கினால் அங்கே போகத்தானே வேண்டும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு எங்கே என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பரில்தான் கைபேசியில் கவனித்தேன். செவ்வாயும் வெள்ளியும் கார் கடத்தூர் பக்கம் போனது. அங்கே ஊரைத் தாண்டி ஓரிடத்தில், வரைபடத்தில் தெருவும் பெயரும் இல்லாத வெறும் சாம்பல் நிறத்துக்குள், ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தது. இருபதுக்கு மேல் வேகம் ஏறவில்லை. பிறகு வீடு திரும்பியது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாவிடம் எதுவும் தெரியாதது போலக் கேட்டேன். "வண்டியா? எங்கயும் போவல பாப்பா, நெழல்ல நிக்குது" என்றார். அம்மாவும் அதையே சொன்னார். கார் பொய் சொல்கிறதா, இவர்கள் பொய் சொல்கிறார்களா? காரை விற்ற கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தேன். பேசிய பெண், "லொகேஷன் கரெக்டாத்தான் மேடம் காட்டுது. சந்தேகமா இருந்தா ஆப்லயே வண்டிய நிறுத்திக்கலாம். வண்டி நின்னதுக்கப்புறம் திரும்பக் கெளம்பாது" என்றாள். அதுவரை அந்தப் பொத்தானை நான் பார்த்ததே இல்லை. அதன் பிறகு அது கண்ணில் படாத நாள் இல்லை. பெற்றோருக்குத் தெரியாமல் யாராவது வண்டியை எடுத்துப் போகிறார்களா? சாவி யாரிடமாவது இருக்கிறதா? அம்மாவும் அப்பாவும் பஸ்ஸில் வெளியே போன நேரமாகப் பார்த்து எடுக்கிறார்களா? கேட்டால் பயந்துவிடுவார்கள் என்று கேட்காமலே இருந்தேன். இப்போது யோசித்தால், அவர்களும் நானும் ஒரே காரணத்துக்காக ஒருவரிடம் ஒருவர் மறைத்திருக்கிறோம்.

பிப்ரவரியில் ஒரு நாள் டிராமில் கைபேசியைத் திறந்தபோது கார் அரூரைத் தாண்டித் தீர்த்தமலைச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் அப்பா, "நாளைக்கு எங்கயும் போவல, வூட்லதான்" என்று சொல்லியிருந்தார். அப்பாவை அழைத்தேன், எடுக்கவில்லை. அம்மாவை அழைத்தேன், எடுக்கவில்லை. நான்கு முறை, ஐந்து முறை. கார் அடிவாரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. திருட்டு என்றே முடிவு செய்துவிட்டேன். அதற்கும் மேலே, வீட்டுக்குள் இரண்டு பேரையும் யாரோ ஏதோ செய்துவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போவதாக ஒரு காட்சி மனதில் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன்.

கால் மணி நேரத்தில் அம்மாவின் பெயர் திரையில் வந்தது. எடுத்தால் முதலில் பஸ் ஹாரன். அதற்கு மேலே ஓர் ஆணின் குரல்: "ஏம்மா, ஓட்டத் தெரியலன்னா வூட்ல இருக்க வேண்டியதுதான? ரோட்டுக்கு நடுவுல கொண்டாந்து நிறுத்தி வெச்சிருக்க?" அதற்கு அப்பாவின் குரல், நான் கேட்டே இராத அளவுக்குத் தணிந்து: "சத்தம் போடாதீங்க சார். புது வண்டி சார்." பிறகு அம்மா, அழுகையை அடக்கிக்கொண்டு பேசினார்.

"கண்ணு, அப்பா தேங்கா வாங்க எறங்கினாரு. வண்டிய ஆப் பண்ணுனன். திரும்ப எந்திரிக்கவே மாட்டேங்குது. நான் என்னமோ மாத்தி அமுக்கிட்டன் போல. உன் வண்டியக் கெடுத்துட்டன் சாமி."

"ம்மா, யாரு ஓட்டிட்டு வந்தது?"

பஸ் ஹாரன் மறுபடி அடித்து ஓய்ந்தது.

"நான்தான்."

"நீயா? அப்பா ஏன் ஓட்டல?"

"அவருக்குக் கண்ணு தெரியல கண்ணு. மூணு மாசமாச்சு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

எனக்கு ஒரே மூச்சில் இரண்டு செய்திகள். எதற்கு முதலில் அதிர்ச்சி அடைவது என்று தெரியாமல் விரல் மட்டும் வேலை செய்தது. பொத்தானை விடுவித்தேன். பச்சை வரும்வரை காத்திருந்தேன். "ம்மா, இப்ப பிரேக்க நல்லா மிதிச்சுக்கிட்டு அமுக்கிப் பாரு."

"வந்துருச்சு! ஏங்க, வந்துருச்சுங்க!" என்று அம்மா கத்தினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, திட்டிய ஆளிடமே சொன்னார்: "எம் பொண்ணுங்க. நார்வேல இருக்குது. அங்க இருந்தே சரி பண்ணிருச்சு!" அந்த ஆள், "பரவால்லீங்களே!" என்றார். யாரோ சிரித்தார்கள், யாரோ கைகூடத் தட்டினார்கள். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு கூனிக்குறுகிப் பாராட்டு வாங்கியதில்லை.

அன்று ஆய்வகத்தில் இரண்டு குழாய்களுக்குச் சீட்டு மாற்றி ஒட்டினேன். நல்லவேளை மாரித் பார்த்துச் சரிசெய்தாள். வேலை முடிந்ததும் வீட்டுக்கு அழைத்தேன். விவரம் அப்போதுதான் தெரிந்தது. சர்க்கரை அப்பாவின் கண் நரம்புகளைத் தின்றிருக்கிறது. தீபாவளி முடிந்து ஒரு சாயங்காலம் பொம்மிடி ரோட்டில் எதிரே வந்த சைக்கிளைக் கடைசி நொடியில்தான் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் சாவியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு அதைத் தொடவே இல்லை. நாலு நாள் கழித்து அம்மா சாவியை எடுத்து, "அப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றிருக்கிறார். அம்மாவுக்கு வயது ஐம்பத்தேழு. சைக்கிள்கூட ஓட்டியதில்லை. பழகுநர் உரிமம் எடுத்து, முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' ஒட்டி, தெரிந்தவர் ஒருவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட, கடத்தூருக்கு வெளியே மனை பிரித்துக் கல் நட்டு விற்காமல் கிடக்கும் காட்டில் பழகியிருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம், தெரிந்தவர்கள் வராத இடம். கற்றுத் தரும் அப்பாவுக்குக் கல் தெரியவில்லை, வண்டியிலோ இன்ஜின் சத்தம் இல்லை. "சத்தம் இருந்தா கண்ணக் கட்டிட்டே சொல்லிக் குடுத்துருவன் பாப்பா. இதுக்கு வாயே இல்லையே" என்றார். அதனால் அம்மா தான் செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்று ஏற்பாடு. வண்டி ஓடும்போது கைபேசி டிக்கியில் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். கண்ணுக்கு ஊசி போடும் முன் ஒரு தடவை தீர்த்தமலை போய்வர ஆசைப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னேன். "ம்மா, வண்டி கெட்டுப் போவல. நான்தான் இங்கருந்து நிறுத்தினேன். யாரோ திருடிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன்."

"அத்தன பேரு முன்னாடி," என்றார் அம்மா, "நான் கெடுத்துட்டன்னு நடுங்கிட்டு நின்னனே." நான் மன்னிப்புக் கேட்டேன். தமிழில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, சொன்னது ஏதோ பள்ளிக்கூட லீவு கடிதம் போல இருந்தது. அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. "அந்தப் பொத்தான உன் போன்ல இருந்து எடுத்துரு. இப்பவே எடு."

அப்பா கைபேசியை வாங்கினார். "முப்பது வருசம் ஓட்டுனன் பாப்பா. நடுரோட்டுல என் வண்டிய யாரும் நிறுத்துனதில்ல" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

பொத்தானை மட்டும் தனியாக எடுக்க வழியில்லை. காரின் கணக்கையே அம்மாவின் எண்ணுக்கு மாற்ற வேண்டியிருந்தது. உதவி எண்ணில் வேறொரு பெண், "ஓனர் நீங்கதானே மேடம், ஏன் மாத்தறீங்க?" என்று கேட்டாள். ஓட்டுபவர் பெயருக்கு மாற்றுகிறேன் என்றேன். மாற்றிய நிமிடம் என் திரையில் கார் இருந்த இடம் வெறுமையானது. நிம்மதியா, இழப்பா என்று தெரியாமல் இரண்டு நாள் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அடுத்த வாரமே, பாதியில் விட்டிருந்த ஓட்டுநர் பயிற்சியில் மறுபடி சேர்ந்தேன். அம்மாவால் முடிந்தது என்னால் முடியாதா என்ற வீம்புதான்.

ஜூனில் ஊருக்கு வந்தேன். அப்பாவின் பார்வை திரும்பவில்லை, ஆனால் ஊசிகளால் அதற்கு மேல் போகாமல் நின்றிருந்தது. பொம்மிடி ரயில் நிலையத்துக்கு அம்மாதான் வண்டி எடுத்து வந்திருந்தார், உரிமம் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்பா கறுப்புக் கண்ணாடியோடு பின்சீட்டில் நடுவில், பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்த பயணி போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "முன்னாடி உக்காரு பாப்பா" என்றார். நான் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். நார்வேயில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடும், அதனால் ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். மூன்று மாதமாக நான் ஓட்டப் பழகியது இந்த இடத்தில் உட்கார்ந்துதான். கை தானாக முன்னால் நீண்டது. அங்கே சின்ன வெங்கடாசலபதி படம் ஒட்டிய பலகை மட்டும் இருந்தது. எதிரே புளியமரங்களுக்கு நடுவில் ஒரு லாரி வந்தது. என் கண்ணுக்கு அது தப்பான பக்கத்தில், நேராக என் மேல் வருவது போல இருந்தது. "லாரி வருது. கால எடுத்துட்டன். லெப்ட்ல ஒதுங்கறன்" என்று அம்மா பின்சீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். என் வலது கால் தரைவிரிப்பை முழுப் பலத்தோடு மிதித்தது.

அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எதுக்குக் கண்ணு அப்பிடி அமுக்கற? அங்க ஒண்ணுமே இல்ல."

காலை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. லாரி கடந்து போனது. அடுத்த வளைவிலும் மிதித்தேன்.