எலுமிச்சம்பழத்துக்கு ஒரு பை

எலுமிச்சம்பழத்துக்கு ஒரு பை. தீப்பெட்டிக்கு ஒரு பை. சோப்புக்கு இன்னொன்று, அதற்குப் பொத்தான்கூட உண்டு. சனிக்கிழமைதோறும் சூப்பர் மார்க்கெட்டின் மூன்றாவது கவுண்டரில் டெய்லரக்கா இப்படித்தான் கடை பரப்புவார். சாமான் பதினாறு என்றால் பையும் பதினாறு. எல்லாம் மிச்சத் துணியில் அவரே தைத்தவை. சில உள்ளங்கை அகலம்கூடத் தேறாது.

கடையின் உறுப்பினர் அட்டைக்குப் பின்னால் பொடி எழுத்தில் ஒரு வரி: வீட்டிலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு துணிப்பைக்கும் பத்துப் புள்ளி. ஊரே ஒரு பையோடு வந்து பத்துப் புள்ளி வாங்கிப் போனது. ஊசிக் காதில் நூல் கோத்துப் பழகிய கண்ணுக்கு மட்டும் ஓட்டை தெரிந்துவிட்டது. பை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று யாரும் எழுதவில்லை.

"கூடாதுன்னு எழுதியிருந்தா நான் ஏன் செய்யப்போறேன்?" என்பார். இதே அக்கா, வாடிக்கையாளர் துணியில் மிஞ்சும் சாண் துண்டைக்கூடக் கேட்காமல் எடுக்கமாட்டார்.

சைக்கிள் மெக்கானிக்கான கணவருக்கு இதில் தீராத வேடிக்கை. "இவகிட்ட சட்டத்தக் குடுத்தா அதையும் சட்டையாத் தெச்சிடுவா."

"தெப்பேன். உங்க தொப்பை அளவுதான் வாராவாரம் மாறுது."

ஐயாயிரம் புள்ளிக்கு ஒரு மின்விசிறி. தகரக் கூரைக்கடியில் இஸ்திரிப் பெட்டியோடு வேகிற தையல் அறைக்கு அது வேண்டும். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது சேர்ந்தாயிற்று. இன்னும் எட்டே பை.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது கவுண்டரில் வழக்கமான கேஷியர் பெண்ணுக்குப் பதில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். "எங்க பொண்ணு எங்க?" என்று கேட்டார் அக்கா.

"மேனேஜர் ரூம்ல அழுதுக்கிட்டிருக்கா."

கூடையோடு நேரே உள்ளே போனார்.

"ஒரே அட்டைக்கு ஆறே மாசத்துல நானூறு பைக்கு மேல!" என்று மேனேஜர் கேஷியர் பெண்ணிடம் குரலை உயர்த்திக்கொண்டிருந்தார். "தெரிஞ்சவங்களுக்குச் சும்மா ஏத்திவிட்டிருக்கே."

அக்கா கூடையை மேசைமேல் கவிழ்த்தார். மேனேஜர் எலுமிச்சைப் பையை எடுத்து விரலை நுழைத்துப் பார்த்தார். "இதுக்குப் பேர் பையா?"

"கைப்பிடி இருக்கே!"

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்கமேல தப்பில்லக்கா. ஆனா அஞ்சு பைக்கு மேல போனா என்னைக் கூப்பிடணும்னு கேஷியருக்குக் குடுத்த விதித் தாள்ல இருக்கு. இவ ஒரு தடவைகூடக் கூப்பிடல. வேலைய விட்டு எடுக்கச் சொல்றாங்க மேல."

அக்கா படிக்காத விதி அது. "ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

பெண் மூக்கை உறிஞ்சினாள். "ஒவ்வொரு பையா எடுத்து வைக்கறப்ப உங்க மொகத்த நீங்க பாக்கணும்க்கா. அதுல போய் எப்படி மண்ணப் போடறது? எனக்கு வாரத்துக்கே அதான் சிரிப்பு."

அக்கா மேனேஜர் பக்கம் திரும்பினார். "புள்ளி மொத்தத்தையும் திரும்ப எடுத்துக்கிட்டா?"

"கடைக்கு நஷ்டம் இல்லைன்னு எழுதிடுவேன். இவ வேலைக்கு நான் பொறுப்பு."

அட்டை மேசைக்கு வந்தது.

"அக்கா, ஃபேன்?" என்றாள் பெண்.

"காத்து என்ன, ஜன்னல் வழியா வரமாட்டேன்னா சொல்லிச்சு?" அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், புது அட்டைக்கு ஒரு ஃபாரம் குடுங்க."

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தபடியே நீட்டினார். அக்கா கண்ணாடியை மாட்டி, ஃபாரத்தைத் திருப்பினார். பொடி எழுத்து கண்ணில் பட்டதும் ஏனோ அதைக் கீழே வைத்துவிட்டு, பெண்ணிடம் கையை நீட்டினார். "உனக்குன்னு ஒரு விதித் தாள் போட்டிருக்காங்களாமே, அத முதல்ல எடு." பக்கத்து நாற்காலியில் அவளை இழுத்து உட்காரவைத்து, முதல் வரிக்கடியில் விரலை வைத்தார்.