ஓட மறுத்த வருடம்

பதினாறு வயதில் நான் பள்ளிக்கூடத்துக்காக ஓடமாட்டேன் என்று சொன்னேன். பயத்தில் சொல்லவில்லை. சோம்பலில் சொல்லவில்லை. என் வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு பெருவிரல் அகல இடம் வலித்தது. அது எந்த மாதிரி வலி என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் அவர்கள் விரும்பவில்லை. அறுபதுகளின் நடுவில், மாத்தளையில், ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை டீச்சரைப் பார்த்து "முடியாது" என்று சொல்வது சின்ன விஷயமில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நாங்கள் பலாபத்வலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் இருந்தோம். அம்மா ரப்பர் மரங்களில் பால் வெட்டினாள். அப்பாவுக்கு ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் கூடத்தில் வேலை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது என்பதால், அதற்குப் பிறகு நான் மாத்தளை டவுனில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய் வந்தேன். பஸ் ஒருவருக்காகவும் நிற்காது. லயத்திலிருந்து பெரிய ரோடு வரைக்கும் கல்லுப் பாதையில், இறக்கத்தில், வெறுங்காலோடு ஓடித்தான் அதைப் பிடிக்க வேண்டும். அப்படி ஓடித்தான் நான் ஓட்டக்காரியானேன். காலைக் கெடுத்துக்கொண்டதும் அப்படி ஓடித்தான். இந்த இரண்டாவது விஷயம் விளங்க எனக்கு வெகுநாள் எடுத்தது.

எங்கள் உடற்பயிற்சி டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வெயில் ஏறுவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்து, தன் கையாலேயே சுண்ணாம்புக் கோடு போடுவார். பெண்பிள்ளைகள் ஓடுவதே பார்க்கச் சகிக்காது என்று சொன்ன ஆசிரியர்களோடு எங்களுக்காகச் சண்டை போட்டவர். ஆனால் வலி என்றால் அது மனசில் இருக்கிறது என்று நம்பினார். கால் வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையை இன்னும் ஒரு சுற்று ஓடவிட்டார்.

மறுத்ததற்கு முந்திய வருடம் எனக்கு முதல் தடவை அந்த வலி வந்தது. ஆரம்பத்தில் ஓடி முடித்த பிறகுதான் வலித்தது. பிறகு ஓடத் தொடங்கும்போதே வலித்தது. கடைசியில் படுத்திருக்கும்போதும் எலும்புக்குள் ஏதோ குடைந்தது. டீச்சரிடம் போனேன். எரியும் தைலம் ஒன்றைத் தேய்த்து, துணி பேண்டேஜை இறுக்கிச் சுற்றினார்.

"உது சின்ன நோ. ஓட ஓட மாறிப்போகும். நீ உதையே நினைச்சுக்கொண்டிராதை" என்றார்.

நம்பினேன். கண்டியில் நடந்த மாகாணப் போட்டியில் நானூற்று நாற்பது கெஜம் ஓடினேன். கடைசி வளைவில் காலுக்குள் யாரோ கத்தியை இறக்கியது போல இருந்தது. நிற்காமல் ஓடி, முதலாவதாகப் போய் எல்லைக்கோட்டு நூலை அறுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் காலைத் தரையில் வைக்க முடியவில்லை. என்னைத் தோளில் தூக்கினார்கள். டீச்சர் சந்தோஷத்தில் அழுதார். கிண்ணம் பள்ளிக்கூடத்து அலுமாரியில் ஏறியது. நான் கட்டிலில் ஏறினேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு இளம் சிங்கள டொக்டர் என் காலைப் பார்த்தார். பெருவிரலை என் எலும்பின் மேல் வைத்து மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் அழுத்தியதும் நான் கத்திவிட்டேன்.

"ஓடும்போது இந்த வலி குறைகிறதா, கூடுகிறதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கூடுகிறது" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

"அப்படியென்றால் ஏன் நிற்கவில்லை?"

எலும்பில் முடியைப் போல மெல்லிய வெடிப்பு விழுந்திருக்கிறது, ஓய்வு கொடுத்தால் அது தானாகவே ஒட்டிக்கொள்ளும், கொடுக்காவிட்டால் முழுதாக முறியும் என்றார். தசை வலி பரந்து வலிக்கும், உடம்பு சூடானால் தளரும். எலும்பு வலி ஒரே இடத்தில் குத்தும், ஓட ஓடக் கூடும். அதையும் அவர்தான் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நான் படித்த எந்தப் பாடமும் இந்த அளவுக்கு எனக்கு உதவியதில்லை.

அந்தத் தவணையின் மூன்று மாதமும் என்னால் பஸ்ஸுக்கு இறங்க முடியவில்லை. படிப்பு போனது. லயத்துக்கு வெளியே இருந்த கக்கூசுக்கு அம்மா என்னை முதுகில் சுமந்துகொண்டு போனாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு கால் குணமானது. நடந்தேன், ஓடினேன், மறுபடியும் எல்லோரையும் முந்தினேன். பள்ளிக்கூடமும் என்னை மறுபடியும் நினைத்துக்கொண்டது.

அடுத்த மாகாணப் போட்டி நெருங்கிய சமயத்தில், ஒரு நாள் பயிற்சி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அதே கால் முனகியது. வீட்டுக்கு வந்து பெருவிரலை எலும்பின் மேல் வைத்து இறக்கினேன். பழைய இடத்துக்குக் கொஞ்சம் கீழே குத்தியது. அடுத்த நாள் மைதானத்தில் சோதித்துப் பார்க்க மெதுவாக ஒரு சுற்று ஓடினேன். வலி தளரவில்லை, கூடியது. நின்றேன். நேராக டீச்சரிடம் நடந்து போனேன்.

"டீச்சர், நான் இந்தத் தடவ கண்டிக்கு ஓடமாட்டேன்."

கையிலிருந்த விசிலைக் கீழே இறக்கினார். "என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

"கால் எலும்பு வலிக்குது டீச்சர். போன வருசம் மாதிரியே."

"போன வருசம் நோவோடை ஓடித்தானே வெண்டனி!"

"ஜெயிச்சேன் டீச்சர். அதுக்கப்புறம் நடக்க முடியாம கெடந்தேன்."

"போட்டி முடிய ஆறுதலாப் படுத்துக் கிட. இப்ப ஓடு."

"ஓடமாட்டேன்."

டீச்சருடைய முகம் சிவந்தது. நான் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில், பள்ளிக்கூடத்தின் மானத்தை விற்ற பிள்ளை ஒன்று இங்கே நிற்கிறது என்று டீச்சர் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. ஓட்ட உடுப்பைத் திருப்பிக் கொடுக்கும்படி சொன்னார்கள். துவைத்து, மடித்து, கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

பிறகு அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அம்மா வேலை முடிந்த கையோடு வந்தாள். விரல் இடுக்குகளில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. அவளை உட்காரச் சொல்லவில்லை. அதிபர் நாற்காலியில் இருக்க, பக்கத்தில் நின்றிருந்த டீச்சர்தான் பேசினார்.

"தோட்டத்துப் பிள்ளையளுக்கு இப்பிடியொரு சந்தர்ப்பம் கிடைக்கிறதே பெரிய விசயம். உங்கடை மகளுக்கு அது விளங்கேல்லை. நீங்கள்தான் புத்தி சொல்லோணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"சந்தர்ப்பம்னா என்னாங்க டீச்சர்? போன வருசம் இவள நான் முதுகுல தூக்கிக்கிட்டு கக்கூசுக்குப் போனேங்க. அதுவாங்க சந்தர்ப்பம்?"

டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். அம்மா விடவில்லை.

"கிண்ணத்த நீங்க வச்சுக்கிட்டீங்க. நாங்க கேக்கல. கால் ஸ்கூல் சாமான் இல்லீங்க, அது இவளுக்கு வேணும். நாளைக்கு இவ நொண்டினா எந்தத் தொரை வேலைக்குப் பேர் பதிவாரு? யாரு சோறு போடுவா? ஓடமாட்டேன்னா ஓடமாட்டா."

அதிபர் பேனாவை மூடி, போகலாம் என்று கையைக் காட்டினார். வெளியே ரோட்டுக்கு வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"இந்தா பாரு. நீ சொன்னது மட்டும் பொய்யா இருந்துச்சு, அந்தக் கால நானே ஒடிப்பேன்."

"பொய் இல்லம்மா."

"அப்ப சரி. வா, பேக்கரியில பாண் வாங்கிக்கிட்டுப் போவோம்."

அந்த வருடம் கண்டியில் எங்கள் பள்ளிக்கூடம் ஒன்றும் வெல்லவில்லை. என் இடத்தில் ஓடியவள் என் சிநேகிதி, டவுனில் ஏலக்காய், கிராம்பு வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. அவள் நூறு கெஜத்துக்குப் பழகியவள், நானூற்று நாற்பது அவளுடைய தூரமே இல்லை. பாதியிலேயே மூச்சு முட்டி, கடைசியாக வந்தாளாம். திரும்பி வந்த அன்று என்னிடம் சொன்னாள்: "ஒனக்குப் பயம். வேற ஒண்டுமில்ல. ஒன்னால எனக்கு வெக்கம்." அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. டீச்சருடைய வார்த்தையைவிட இதுதான் எனக்கு வலித்தது. அப்போதும் நான் தவறு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கவும் எனக்கு மனமில்லை. ஓடுவதை விட்டுவிட்டாள் என்று சொல்கிறவர்களின் வாயை அடைக்க வேண்டும் என்ற வெறி இருந்தது. ஆனால் அந்த வெறியைக் காலின் மேல் இறக்கக்கூடாது என்றும் தெரிந்திருந்தது. முதலில் நடை மட்டும். நடந்து வலித்தால் அடுத்த நாள் நடையும் இல்லை. பஸ்ஸுக்கு இறங்கும் பாதையில் ஓடுவதை அடியோடு நிறுத்தினேன். அதற்காக அம்மா, விடியுமுன் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகும் நேரத்திலேயே எழுந்து, இருட்டோடு புறப்பட்டு மெதுவாக இறங்கினேன். தோட்டத்துக்குக் கீழே ஓடிய ஆற்றில் முழங்கால் தண்ணீரில், நீரோட்டத்துக்கு எதிராக நடந்தேன். காலைத் தரையில் அடிக்காமலே தொடையும் கெண்டைச்சதையும் இறுகின. லயத்து வாசற்படியில் நுனிக்காலில் ஏறி இறங்கினேன். பக்கத்து வீட்டுக்காரி, "இந்தப் புள்ளைக்கு என்னமோ புடிச்சிருக்கு" என்று அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா அதிகம் பேசாத மனிதர். ஒரு மாலை, எனக்கென்று எங்கேயோ கேட்டு வாங்கிய பழைய கென்வஸ் சப்பாத்தைக் கொண்டுவந்தார். கழித்துப்போட்ட ரப்பர் ஷீட் துண்டுகளைப் பாத அளவுக்கு வெட்டி உள்ளே ஒட்டியிருந்தார். போட்டு நடந்தேன். மெத்தென்று இருந்தது. ஆனால் புகைக்கூடத்து வாசம் அதை விட்டுப் போகவேயில்லை. பள்ளிக்கூடத்தில் நான் போகும் வழியெல்லாம் கருவாடு சுட்ட மாதிரி மணக்கிறது என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பெருவிரலால் அழுத்தினாலும் வலிக்கவில்லை, ஒற்றைக் காலில் குதித்தாலும் வலிக்கவில்லை என்ற பிறகுதான் ஓடினேன். புல்லில் மட்டும், கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. நல்லாயிருக்கிறது என்று ஆசை வந்த நாட்களில்தான் என்னைப் பிடித்து நிறுத்துவது கஷ்டமாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடக்கும் அடுத்த வருட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நான் பெயர் கொடுப்பதை டீச்சரால் தடுக்க முடியாது. அதில் யாரும் ஓடலாம். நானூற்று நாற்பதில் நான் முதலாவதாக வந்தபோது இரண்டாவது பிள்ளை வெகு தூரத்தில் இருந்தாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த முறை கண்டிக்கு ஓடுவியோ, இல்லாட்டி பேந்தும் மாட்டன் எண்டு நிப்பியோ?"

"கால் நல்லா இருந்தா ஓடுவேன் டீச்சர். வலிச்சா ஓடமாட்டேன்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் பெயரை எழுதினார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று மைதானத்தை விட்டுப் போகும்போது என் சிநேகிதி பின்னால் ஓடிவந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "ஏய், அந்தப் படியில ஏறி எறங்குறத எனக்கும் காட்டு" என்பதுதான். அவளுக்குக் குதிகால் நரம்பு பிடித்துக்கொண்டு வலித்தது. காட்டினேன்.

கண்டியில் நான் மூன்றாவதாக வந்தேன். முன்னால் போன இருவரும் என்னைவிட நல்ல ஓட்டக்காரிகள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓடி முடித்து என் சொந்தக் காலில் நடந்து போய்ப் புல்லில் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளி வேறு பள்ளிக்கூடத்துச் சிங்களப் பிள்ளை ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அஞ்சலோட்டத்துக்கு நேரமாகிவிட்டது, எழும்பு, எழும்பு என்று அவளுடைய மாஸ்டர் சத்தம் போட்டார். முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது.

எழுந்து அவர்களிடம் போனேன். "துவன்ன எபா, நங்கி" என்றேன். ஓடாதே தங்கச்சி என்று அர்த்தம்.

மாஸ்டர் திரும்பினார். "நீ யார்? எந்தப் பள்ளிக்கூடம்? இதில் உனக்கு என்ன வேலை?" என்று சிங்களத்தில் பாய்ந்தார்.

"மூன்றாவதாக வந்தவள்" என்று சிங்களத்திலேயே சொன்னேன். "முழங்காலைப் பாருங்கள் சேர். இதோடு ஓடினால் அடுத்த வருடம் உங்களுக்கு இவள் கிடைக்கமாட்டாள்."

அவர் என்னைத் துரத்தினார். எங்கள் டீச்சர் தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் என்னைத் திரும்பிவரச் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை மாஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத் துணியின் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியை மடித்து மாஸ்டருடைய கையில் கொடுத்தாள்.