வயர் செருகாத பேஸ் கிட்டார்

என் வீட்டுக்காரருக்குப் பாட்டுக்குழுவில் வைத்த பெயர் தும்தும். பகலில் லிஃப்ட் மெக்கானிக். சனி, ஞாயிறு மாலைகளில் என் அண்ணன் நடத்தும் குழுவில், பாட்டுக்கு அடியில் கும்மென்று ஓடும் பேஸ் கிட்டார். பாடுகிறவர்களோடு ஆட்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், டிரம்ஸ்காரரைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். இவர் டிரம்ஸுக்கும் பின்சுவருக்கும் நடுவில், வீடு மாற்றும்போது ஒதுக்கி வைத்த பீரோ மாதிரி நின்றுகொண்டிருப்பார். எந்தக் கல்யாண வீடியோவிலும் இவருக்கு முழு முகம் கிடையாது, பாதித் தோளும் ஒரு முழங்கையும்தான்.

நான் சும்மா விடுவேனா? உங்களை ஒருத்தராவது கவனிக்கிறார்களா என்று குத்திக் காட்டிக்கொண்டே இருப்பேன். அவருக்குக் கோபமே வராது. அதற்கென்று ஒரு தத்துவம் கைவசம் வைத்திருந்தார்.

"லிஃப்ட் ஒழுங்கா ஓடுற வரைக்கும் யாராவது லிஃப்ட்டை நினைக்கிறாங்களா? நின்னாத்தான் நம்மளத் தேடுவாங்க. பேஸும் அதே மாதிரிதான். யாரும் கவனிக்கலன்னா நான் சரியா வாசிக்கிறேன்னு அர்த்தம்."

மனுஷர் அந்தத் தத்துவத்திலேயே இத்தனை வருஷத்தையும் ஓட்டிவிட்டார்.

பழைய கிட்டாரின் கழுத்து வளைந்துபோய், எந்தக் கம்பியை அமுக்கினாலும் கரகரவென்று உரச ஆரம்பித்தது. புதிதாக ஒன்று வாங்கலாமென்று பேச்செடுத்தார். அண்ணன் வேண்டாமென்றான். இருப்பதே போதும் மாப்பிள்ளை, எதற்கு வீண் செலவு என்றான். எங்கள் பணம், எங்கள் செலவு, இவனுக்கென்ன வலிக்கிறது என்று எனக்கு எரிச்சல். முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவன் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்கு நானும் கூடப் போனேன். மேல்வரிசையில் பளபளவென்று தொங்கியதையெல்லாம் இவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகக் கீழ்வரிசைக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுவரில் சாத்திவைத்த மலிவான கிட்டார்கள் எல்லாம் அங்கேதான். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்ப்பேனே நான், அந்தப் பொறுமை இவருக்கும் இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது.

முதலில் தோளில் மாட்டிக்கொண்டு கையை எடுத்துவிட்டு நிற்பார். தலைப்பக்கம் கனமாக இருந்தால் கழுத்து தரையைப் பார்த்துச் சரியும். அதைக் கழித்துவிடுவார். அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக இருக்கிறதா என்று நுனியிலிருந்து பார்ப்பார். கழுத்தில் பதித்த உலோகக் கோடுகளின் முனையைச் சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தால் உள்ளங்கையைக் கீறும். அதற்குக்கூட இவர் மன்னிப்புக் கொடுத்துவிடுவார், வீட்டில் அரம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு சுரமாக மீட்டிக்கொண்டே போகும்போது ஏதோ ஒரு இடத்தில் மட்டும் சத்தம் சட்டென்று செத்துவிட்டால், மரியாதையாகத் திரும்ப வைத்துவிடுவார்.

கடைக்காரர் வயரை நீட்டிக்கொண்டே பின்னால் வருவார். ஆம்ப்பில் செருகிக் கேளுங்கள் சார் என்பார். இவர் ஒருநாளும் அந்த வயரைக் கையில் வாங்கியதில்லை.

"ஸ்பீக்கர்ல போட்டா எல்லாக் கழுதையும் சிங்கம்தாங்க" என்பார். "சும்மா மீட்டும்போது கட்டை பேசணும்."

சொல்லிவிட்டுத் தாடையைக் கிட்டாரின் மேல்கொம்பில், வார் மாட்டும் முனையில் அழுத்தி, கட்டையின் அதிர்வைக் கேட்கக் கண்ணை மூடிக்கொள்வார். வண்ணம், கம்பி முறுக்கும் சாவி, உள்ளே ஓடும் வயர் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாமாம், கட்டையும் கழுத்தும் மட்டும் பிறவி குணமாம். இந்தப் பெண் பார்க்கும் படலம் மாதக்கணக்கில் நடந்தது. கடைசியில் எங்கள் தலையைக் கண்டாலே கடைக்காரர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் சேற்று நிறத்தில் ஒன்று வந்திருந்தது. முதுகில் பெயின்ட் திட்டுத்திட்டாக இருந்ததால் யாரும் தொடவில்லை போலிருக்கிறது. இவர் தாடையை வைத்தவர் எடுக்கவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, இங்கே காதை வை என்றார். கடையில் ஆட்கள் இருந்தார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் வைத்தேன். தடித்த கம்பியை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் காதுக்குள் வரவில்லை, நேராகப் பல்லில் இறங்கிக் கழுத்தெலும்பு வரைக்கும் போய் நின்றது. நான் கேலி எதுவும் பேசவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அதை வாங்கி வந்ததும் சாப்பாட்டு மேசை ஒரு வாரம் பட்டறையானது. அரம், சால்டரிங் கோல், புகை. நான் திட்டத் திட்ட அவர் பாட்டுக்குச் சாவியை மாற்றினார், முனைகளைத் தேய்த்தார். முதல் நிகழ்ச்சிக்கு நீ வந்தே ஆகணும் என்றார். குழு நிகழ்ச்சிகளுக்கு நான் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஒரு கம்பெனியின் ஆண்டு விழா, கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய அரங்கம். உட்கார இடமில்லாமல் கடைசியில், குழுவோடு எப்போதும் வரும் மைக்செட்காரர் மேசை பக்கத்தில் நின்றுகொண்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. மேடையில் இவர் விரல் ஓடுகிறது, தலை ஆடுகிறது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. கும்மென்று அடியில் ஏதோ ஒன்று ஓடியதுதான், ஆனால் கடையில் என் எலும்பில் இறங்கியது அதில்லை. அந்தக் கும்மும் இவர் விரல் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மைக்செட்காரரைத் தட்டிக் கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "அக்கா, அவர் கிட்டார் சத்தம் ரொம்ப வருஷமா மூடித்தான் இருக்கு. கண்ணாடி அதிருதுன்னு அரங்கத்துல புகார் வருது. கீபோர்டுக்காரர் இடது கையிலயே பேஸ் வாசிச்சிடுறாரு. உங்க அண்ணன் சொன்னதுதான்."

மேசையில் ஏற்றி இறக்கும் பொத்தான்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒட்டிய வெள்ளை டேப்பில் பெயர். 'பேஸ்' என்று எழுதியதன் மேலே பொத்தான் அடிமட்டத்தில் கிடந்தது. அதைச் சுற்றி மட்டும் தூசி கலையாமல் இருந்தது. இவர் காலடியில் ஒரு சின்ன ஆம்ப் பெட்டி உண்டு. அதில் வருவதைக் கேட்டுக்கொண்டு, அரங்கம் முழுக்கத் தன் சத்தம் போகிறதென்று நம்பியிருக்கிறார். யாரும் கவனிக்காததை அதற்குச் சாட்சியாக வேறு வைத்திருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் யோசிக்கத் தோன்றவில்லை. மைக்செட்காரர் கையைத் தள்ளிவிட்டுப் பொத்தானை மேலே ஏற்றினேன்.

சத்தம் வந்தது, என் எலும்புக்குத் தெரிந்த அதே சத்தம். கண்ணாடிச் சுவர் கிணுகிணுத்தது. முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார். பாடிக்கொண்டிருந்த அண்ணன் கையைக் கீழே காட்டிக் குறைக்கச் சொன்னான். இவர் மட்டும் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஏதோ தவறு செய்துவிட்டோமென்று விரல்களைப் பார்த்தார். ஒரு கம்பியை மெல்லத் தட்டினார், அரங்கமே கும்மென்றது. அதற்குள் மைக்செட்காரர் பொத்தானை இறக்கிவிட்டார். இவர் மறுபடி தட்டினார். அரங்கத்தில் ஒன்றுமில்லை.

நிமிர்ந்து எங்கள் மேசையைப் பார்த்தார். பாட்டு இவர் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது, எதுவும் குறையவில்லை. அதையும் அவர் நின்று கேட்டார். பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணனைச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவன் தலைகுனிந்து, "வாசிப்புல குறை இல்லம்மா. தேவைப்படல, அவ்வளவுதான். தங்கச்சி புருஷனை வராதீங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றான். அவன்மேல் ஆத்திரப்படக்கூட முடியவில்லை. குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எல்லாரும் நல்லவர்களாக இருந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"மேல ஏத்தினது நீதானே?"

ஆமாம் என்றேன். "நல்ல கிட்டார்தான்" என்றார். லிஃப்ட் தத்துவத்தை அதன்பிறகு நான் கேட்கவே இல்லை.

போகாதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். போகாமல் இருந்தால் காரணம் சொல்ல வேண்டுமே, மச்சானுக்குச் சங்கடம் என்றார். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். நானும் போனேன். மனசு கேட்கவில்லை.

மேடையில் கிட்டாரை மாட்டிக்கொண்டார், கம்பிகளைச் சுருதி சேர்த்தார். ஆம்ப் பெட்டியிலிருந்து வரும் வயரை மட்டும் செருகவில்லை. அது சுருட்டியபடியே அவர் காலடியில் கிடந்தது. பாட்டு தொடங்கியதும் தாடையை மேல்கொம்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நிகழ்ச்சி முழுக்க அப்படியே வாசித்தார். குழுவில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.