பதினேழாம் படத்தின் பொட்டு

எனக்கு என் மச்சான்மேல் பொறாமை. இத்தனை காலம் கழித்து அதை ஒளித்து வைத்து என்ன கிடைக்கப்போகிறது? அவன் நல்லவன், கெட்டிக்காரன், யாருக்கும் தீங்கு நினைக்காதவன். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

எங்களுடையது மாற்றுச் சம்பந்தம். அவன் தங்கையை நான் கட்டினேன், என் தங்கையை அவன் கட்டினான், இரண்டும் ஒரே பந்தலில். இந்த ஏற்பாட்டில் ஒரு வீட்டுக்குச் செய்வதை மற்ற வீட்டுக்கும் செய்தாக வேண்டும். அங்கே ஒரு சொல் தடித்தால் இங்கே என் வீட்டு அடுப்பு எரியாது. ஆகவே நானும் மச்சானும் வாழ்நாள் முழுவதும் சிரித்துப் பேசக் கடமைப்பட்டிருந்தோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சிகரெட் பெட்டிக்குள் படம் வைத்து விற்றார்கள். அரை உள்ளங்கை அகல அட்டையில் கிரிக்கெட் வீரர் ஒருவரின் முகம், பின்புறம் இலக்கம். ஐம்பது சேர்ந்தால் ஒரு தொகுதி. எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லாரும் சுருட்டுக்காரர். சுருட்டுக்குள் படம் வராது. தமிழ்ப் பாடசாலை வாத்தியாராகிய நான் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தரிடமும் கடை முதலாளியிடமும் பல்லைக் காட்டி, நாலு வருடத்தில் ஐம்பதையும் சேர்த்தேன். மச்சான் ரயில் ஸ்ரேசனில் கிளாக்கர். கொழும்பிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் பெட்டி உடைத்த சூட்டோடு படத்தை அவன் மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒன்றரை வருடத்தில் அவனுக்கும் ஐம்பது. அத்தனையும் புத்தம் புதுசு.

என்னுடையவை பலர் கைபட்டு வந்தவை. அதனால் எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். மூலை மழுங்கினால் பொறுக்கலாம். ஓரத்தில் அழுக்கேறினால் பொறுக்கலாம். முகத்தில் மடிப்பு விழுந்தால் மாற்றியே ஆகவேண்டும். அந்தச் சட்டத்தின்படி மாற்றவேண்டியது ஒன்றே ஒன்று, பதினேழாம் இலக்கம். றோட்டு வேலை பார்க்கிற ஓவசியர் ஒருவர் அதைக் காற்சட்டைப் பின்பையில் வைத்து, அதன்மேலேயே ஒரு நாள் முழுக்க இருந்து எழும்பிய பிறகு எனக்குத் தந்தார். இடது காதிலிருந்து நாடிவரை வெள்ளையாக ஒரு கோடு. படங்களைச் செருகிய புத்தகத்தைத் திறந்தால் மற்ற நாற்பத்தொன்பதும் என் கண்ணில் படுவதில்லை.

மருதனார்மடத்தில் இருந்த மச்சான் வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். என்னிடம் இரண்டிரண்டாக இருந்தவற்றில் நாலு படம் தருகிறேன், உன் பதினேழைத் தா என்று கேட்டேன்.

"உன்ரையிலை முகம் தெரியுதுதானே, மச்சான்? அது காணும். ஏன் சும்மா மாத்திறாய்?" என்றான். என் படத்தைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பளிச்சென்ற ஐம்பது படத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் போதுமென்ற மனதைப் பற்றிச் சொல்கிறான்! என் தங்கைதான் படத்தை வாங்கி, கோட்டின்மேல் விரலால் தடவினாள்.

"பாவம், வெட்டுக்காயம் மாதிரிக் கிடக்கு, அண்ணை" என்றாள்.

அவளுக்கும் அந்தப் படங்களில் பிரியம். பசை பூசாமல் படங்களைச் செருகிவைக்கக் கடுதாசியில் மூலை வெட்டி, அவனுடைய புத்தகத்தைத் தைத்தவளே அவள்தான். ஐம்பது பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லுவாள். என் மனைவியோ என் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பழைய பஞ்சாங்கத்தோடு வைப்பாள். அதிலும் எனக்குப் பொறாமை.

அந்த வருடம் சரசுவதி பூசைக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். கும்பத்தடியில் பள்ளிப் புத்தகங்களோடு மச்சானின் படப் புத்தகமும் இருந்தது. பூசையில் வைத்ததை விஜயதசமிவரை யாரும் தொடுவதில்லை. நான் தொட்டேன். எல்லாரும் குசினியில் கடலை தாளித்துக்கொண்டிருந்த மத்தியான நேரம். புத்தகத்தைத் திறந்தால், ஐம்பது வெள்ளைக்காரருடைய நெற்றியிலும் கடுகளவு சந்தனப் பொட்டு. தங்கையின் வேலை. சந்தனம்தானே, துடைத்தால் போகும் என்று நினைத்தேன். அவனுடைய பதினேழை உருவி, சட்டைப்பையில் கொண்டுபோயிருந்த என்னுடையதைச் செருகி, புத்தகத்தை மூடிவிட்டேன். நெஞ்சு குளிர்ந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். சந்தனத்தின் மஞ்சள் நெற்றி முழுவதும் பரவி, புருவத்துச் சாயமும் கழன்று வந்தது. அப்போதுதான் மற்றது உறைத்தது. அங்கே நான் செருகிவிட்டு வந்த படத்தில் பொட்டு இல்லை. நாற்பத்தொன்பது பொட்டுக்கு நடுவில் ஒரு வெறும் நெற்றி, அதிலும் காதிலிருந்து நாடிவரை கோடு. தங்கை ஒரு பார்வையில் கண்டுபிடிப்பாள். அவள் ஒரு சொல் சொன்னால் இரண்டு வீடும் போய்விடும். விஜயதசமி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று காலை போனபோது மச்சான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தான். முகம் வாடியிருந்தது.

"உன்ரை தங்கச்சி செய்த வேலையைப் பார், மச்சான். பொட்டு வைக்கேக்கை கை தவறி மடிச்சுப்போட்டாளாம். இனி உந்தப் புத்தகத்தைத் தொடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

குனிந்து பார்த்தேன். என் பதினேழு. காதிலிருந்து நாடிவரை அதே கோடு. நெற்றியில் பொட்டு இருந்தது. மற்றவை காய்ந்து வெளிறிக் கிடக்க, இது மட்டும் ஈரம் காயாமல் இருந்தது.

தங்கை அவல் தட்டோடு கதவடியில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"நீதான் உதிலை விண்ணன், எல்லாம் தெரிஞ்சவன்," என்றான் மச்சான். "சொல்லு, இது மாத்திற கட்டத்துக்கு வந்திட்டுதோ?"

"ஓம்," என்றேன். "முகத்திலை மடிப்பு விழுந்தால் மாத்தத்தான் வேணும்."

"உன்னட்டை நல்லதொண்டு இருக்கோ?"

"இல்லை."

மச்சான் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை உள்ளே வந்து அவல் தட்டை என் முன்னால் வைத்தாள்.

"விடுங்கோ," என்று அவனிடம் சொன்னாள். "இருந்தால் அண்ணை தந்திருப்பார்."