டெரன்ஸ் அண்ணைக்கு முன்னால் படுத்த மாடு

டெரன்ஸ் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். ஒரு கை இடுப்பில் வேறு. வெட்கக்கேடுதான், என்ன செய்வது. தொப்பியின் வார் அறுந்துவிட்டது, தைத்துத் தா என்று முதல் நாள் தந்துவிட்டுப் போயிருந்தார். தைத்து முடித்தேன். கடையில் ஒருவரும் இல்லை. போட்டுப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அவருடைய தங்கை மேரி அக்கா. "தம்பி, அண்ணா போயிட்டார். கதிரையில இருந்தபடியே போயிட்டார்" என்றார். தொப்பியைக் கழற்ற மறந்து அப்படியே நின்று அழுதேன். கண்ணாடியில் பார்த்தால், மாட்டைத் தொலைத்துவிட்டு வந்த கவ்போய் மாதிரி இருந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று மேரி அக்காதான் கேட்டார். "நல்லதா நாலு வார்த்தை எழுது தம்பி" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். துறைமுகத்துக்குப் போகிற தெருவில் குஷன் கடை வைத்திருக்கிறேன். ஓட்டோவுக்கும் வள்ளத்துக்கும் ஆசனம் தைப்பதுதான் தொழில். நாலு வார்த்தை எழுதுவது பெரிய வேலை இல்லை. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை தேடுவதுதான் வேலை. மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை மேரி அக்கா காட்டினார். கவிஞராம், கலைஞராம், பன்முக ஆளுமையாம். டெரன்ஸ் அண்ணைக்கு இருந்தது ஒரே ஒரு முகம். அதிலும் பாதியைத் தொப்பி மறைத்துவிடும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலைக்காலம் முழுவதும் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக இருந்திருக்கிறார். எந்தக் கப்பல்காரனோ விட்டுப்போன ஒரு கசெட்டில் அமெரிக்க மாட்டுக்காரரின் பாட்டைக் கேட்டாராம். அன்றைக்குப் பிடித்த வியாதி. பென்சன் எடுத்த பிறகு முற்றிவிட்டது. கோயில் மண்டபத்தில் வருடம் ஒரு முறை, ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு பின்னேரம், கவ்போய் கூட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் ஒருபோதும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. தொப்பி போட்ட எட்டுப் பத்துக் கிழவர்கள் மேடையில் கால் அகட்டி நிற்பார்கள். ஒரு கிற்றாருக்கு நரம்பு குறையும், மற்றதுக்குச் சுருதி குறையும். ஆங்கிலத்தில் மூக்கால் பாடுவார்கள். பாட்டெல்லாம் ஒரே பாட்டு: காதலி போய்விட்டாள், குதிரை செத்துவிட்டது, சாராயம் முடிந்துவிட்டது. கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. பிறகு டெரன்ஸ் அண்ணை தமிழில் தன் கவிதையை வாசிப்பார். அதுவும் விளங்காது. பிறகு கட்லட் வரும். ஊர் திரண்டு வந்தது கட்லட்டுக்குத்தான். இதை அவருக்கு முன்னாலேயே நான் சொல்லியிருக்கிறேன். "பாட்டு விளங்கினா ஆக்கள் எழும்பிப் போயிடுவினம், குஷன். விளங்காதபடியால்தான் கட்லட் வருமட்டும் இருக்கினம்" என்பார். குஷன் என்பது நான்தான். என் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியுமோ தெரியாது.

அவருக்கு மேலங்கி தைத்தவன் நான். தோல் வேண்டும் என்று வந்தார். தோலுக்கு எங்கே போவது? ஓட்டோ ஆசனத்துக்கு வைத்திருந்த கபில நிற றெக்சினில் வெட்டி, ஓரமெல்லாம் குஞ்சம் விட்டுத் தைத்துக் கொடுத்தேன். ஓகஸ்ட் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பிளாஸ்ரிக் கதிரையில் உட்காருவார். எழும்பும்போது கதிரையும் சேர்ந்து எழும்பும். தொப்பி இன்னும் விசேஷம். பனையோலையில் பின்னி, மேலே சப்பாத்துப் பொலிஷ் பூசியது. மழை பெய்தால் நெற்றியால் கபிலம் வடியும். "அண்ணை, இவ்வளவும் போட்டீங்கள். ஒரு மாட்டுக்குக் கிட்டவாவது போயிருக்கிறீங்களா?" என்று கேட்டேன். "கவ்போய்க்கு மாடு முக்கியமில்லை, குஷன். நடைதான் முக்கியம்" என்றார்.

நடை முக்கியமாகத்தான் இருந்தது, மாட்டைக் கண்டால் ஓடுவதற்கு. எங்கள் ஊர் மாடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சந்தியிலும் பஸ் நிலையத்துக்கு முன்னாலும் நடுத்தெருவில் காலை மடக்கிப் படுத்திருக்கும். கொழும்பு பஸ்ஸே ஒதுங்கித்தான் போகும். டெரன்ஸ் அண்ணை அதைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் சுற்றி வருவார். ஒரு நாள் தொலைபேசி எடுத்தார்.

"குஷன், உன்ர கடை வாசல்ல ஒராள் படுத்திருக்கிறார்."

"ஆர் அண்ணை?"

"நாலு கால்."

எட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்க மருந்துக்கடைக்குள் முழுக் கவ்போய் உடுப்போடு ஒளிந்து நிற்கிறார். நான் போய்ச் செருப்பால் தட்டி மாட்டை எழுப்பிவிட்ட பிறகுதான் தெருவைக் கடந்தார். அதே நடை. இடுப்பில் துவக்கு இருக்க வேண்டிய இடத்தில் குடை.

கவிதையைப் பற்றியும் சொல்ல வேண்டும், மலரில் எல்லோரும் அதைத்தான் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்குப் பாடமாகத் தெரிந்த இரண்டு வரி இது:

குதிரை ஏறிப் போறன் கண்ணே, குண்டு துளைச்ச நெஞ்சோட,
மதிய வெயில் சுடுது பெண்ணே, மாடு நடக்குது பஞ்சோட.

மாடு ஏன் பஞ்சோடு நடக்கிறது என்று கேட்டேன். "நெஞ்சுக்குப் பொருந்த வேற என்ன சொல்லடா கிடக்கு?" என்று சினந்தார். இந்த மனிதரைத்தான் கவிஞர் என்று எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னாலும், அந்தக் கூட்டத்தைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் இல்லை. கலியாணம் செய்யவில்லை. வருடத்தில் அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் முகச்சவரம் செய்தவர் அவர். அதையும் பறிக்க ஒருவர் வந்தார், ரொட்னி.

ரொட்னி இளவயதில் மெல்பேர்ணுக்குப் போய், முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து, கடற்கரையில் விருந்தினர் விடுதி போட்டவர். அசல் தோல் சப்பாத்து, அசல் தொப்பி. நம்முடைய வெயிலைப் பற்றி நமக்கே வகுப்பு எடுப்பார். போன வருடம் கூட்டத்துக்கு முன் ஆயத்தம் பற்றி நாங்கள் கூடிக் கதைத்தபோது அவர் எழும்பினார். அடுத்த வருடம் தொடக்கம் கூட்டம் தன் விடுதியில் நடக்குமாம், வெள்ளைக்காரருக்கு நுழைவுச்சீட்டு விற்பாராம், தமிழ்க் கவிதை தேவையில்லையாம். கடைசியில் சொன்னார்: "டெரன்ஸ் முன்வரிசையில இருக்கட்டும். மாட்டுக்குக் கிட்டப் போகப் பயப்பிடுற ஆள் கவ்போய் கூட்டத்துக்குத் தலைவரா இருக்கிறது சரியான பகிடி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முதலில் சிரித்ததே நான்தான். டெரன்ஸ் அண்ணை எழும்பினார், கதிரையும் எழும்பியது. "இந்த முறை மாட்டுக்குப் பக்கத்தில நிண்டு கவிதை வாசிப்பன். முழுக் கவிதையும். நான் வெருண்டு ஓடினாலும், மாடு வெருண்டு ஓடினாலும், கூட்டத்தை நீங்கள் கொண்டு போங்கோ" என்றார்.

வெளியே வந்து என் கையைப் பிடித்தார். "குஷன், ஒரு நல்ல மாடு பார். கிழட்டு மாடு. ஏலுமெண்டால் கண் தெரியாத மாடு."

கிளிவெட்டியில் தங்கராசா என்று ஒரு பட்டிக்காரரை எனக்குத் தெரியும், மோட்டார்சைக்கிள் ஆசனம் தைக்க வருகிறவர். மாட்டுப்பட்டியை அவர் மோட்டார்சைக்கிளில்தான் மேய்க்கிறார், வாயில் விசில், காதில் பாட்டு. அவரைப் போலக் கதை அளக்கிற ஆளை நான் கண்டதில்லை. யானையைத் தும்பிக்கையில் பிடித்துத் திருப்பி அனுப்பியதாக ஒரு கதை வைத்திருக்கிறார். அவரிடம் இருந்த சிவலைப் பசுவைக் கேட்டேன். "கட்லட் இருக்குமோ?" என்றார். இருக்கும் என்றேன். சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

உங்களில் பலர் அன்றைக்கு மண்டபத்தில் இருந்தீர்கள். மேடைப் படியில் சிவலை ஏறவில்லை, ஆகவே மேடைக்கு முன்னால் கீழேயே நிறுத்தினோம். டெரன்ஸ் அண்ணை இறங்கி வந்தார். றெக்சின் மேலங்கியில் குஞ்சமெல்லாம் ஆடியது, காற்று இல்லை, அவர் நடுங்கினார். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். குதிரை ஏறினார். குண்டு துளைத்தது. சிவலை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார், பாடம்தானே. பஞ்சு வந்த இடத்தில் சிவலை முன்னங்காலை மடித்தது, பின்னங்காலை மடித்தது, அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் பொத்தென்று படுத்து அசைபோடத் தொடங்கியது.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. ரொட்னி மேடையில் இருந்து ஒலிவாங்கி இல்லாமலே கத்தினார்: "பாருங்கோ, கவிதை கேட்டு மாடே நித்திரையாப் போச்சு! முடிஞ்சுது டெரன்ஸ், காணும்!"

டெரன்ஸ் அண்ணை கண்ணைத் திறந்தார். கீழே பார்த்தார். அந்த முகத்தை நான் சொல்ல மாட்டேன். வாசிப்பு நின்றுவிட்டது.

அப்போதுதான் தங்கராசா, ஒரு கையில் கட்லட்டோடு, நடுவில் வந்து நின்றார். "ஆர் சிரிக்கிறது? உங்களுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். "தெரியாத இடத்தில, தெரியாத ஆக்களுக்கு நடுவில மாடு படுக்காது. உயிர் போனாலும் படுக்காது. பக்கத்தில நிக்கிற ஆளை நம்பினாத்தான் படுக்கும். நான் பிறந்ததில இருந்து பட்டிக்குள்ள கிடக்கிறவன், சொல்லுறன். இந்த ஐயா அசல் மாட்டுக்காரன்!"

நான் சுற்றிப் பார்த்தேன். அங்கே இருந்த ஒவ்வொருவரும் வரும் வழியில் பஸ் நிலையத்துக்கு முன்னால் படுத்திருந்த மாடுகளைச் சுற்றித்தான் வந்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு நடுவில், ஹோர்ன் சத்தத்துக்குள், ஒருவரையும் நம்பாமல் நிம்மதியாகப் படுத்திருக்கிற மாடுகள். எல்லோருக்கும் தெரியும். அதுவே பகிடியாக என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைப் போல ஒரு பகிடி எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. பக்கத்தில் இருந்த கிண்ணியா றஹீம் நானா, மீன் ஏலம் கூறுகிறவர், வாய் சும்மா இராத மனிதர், என் தொடையைக் கிள்ளினார். கிள்ளிவிட்டு எழும்பி நின்று கை தட்டினார். "ஓம், ஓம், அது மெய்தான்! மாடு லேசில படுக்காது!" என்றார். பிறகு மண்டபமே தட்டியது. ஒரு ஊரே சேர்ந்து இவ்வளவு கூசாமல் பொய் சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

ரொட்னி மட்டும் நம்பினார். முப்பது வருடம் ஊரில் இல்லாதவர், வந்த பிறகும் கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளேயே திரிந்தவர். தொப்பியைக் கழற்றி, "அப்பிடியெண்டால் சரி" என்றார். டெரன்ஸ் அண்ணை மிச்சக் கவிதையையும் வாசித்தார். அதில் இன்னும் பதினாறு வரி இருந்தது. ஊர் அதையும் தாங்கிக்கொண்டது.

மறுநாள் கடைக்கு வந்தார். எனக்கு வாய் ஊறியது. "அண்ணை, நேற்று அந்தத் தங்கராசா சொன்னது..." என்று தொடங்கினேன். அவர் கையைத் தூக்கினார்.

"குஷன், மாட்டுக்குப் பயந்து ஒழுங்கையால சுத்தித் திரிஞ்சவன் நான். இந்த ஊர் மாடு எங்கெங்க படுக்கும் எண்டு என்னை விட ஆருக்குத் தெரியும்? நீ ஒண்டும் கதையாத."

நான் கதைக்கவில்லை. அவர் போகும்வரை ஆறு மாதம் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கண்டவரையெல்லாம் நக்கலடித்துப் பிழைப்பவன் நான். சவ ஊர்வலத்திலும் வாய் அடங்காதவன். நீங்கள் எழுதிய பன்முக ஆளுமையெல்லாம் உங்களிடமே இருக்கட்டும். எனக்கு அவர் விட்டுப்போனது இரண்டு: சொல்லாமல் விழுங்கிய அந்த ஒரு பகிடி, மற்றது தொப்பி.

தொப்பியைச் சவப்பெட்டிக்குள் வைக்கத்தான் சேமக்காலைக்குக் கொண்டு போனேன். பொலிஷும் புதிதாகப் பூசியிருந்தேன். பெட்டி தூக்க ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். தொப்பியை வாசல் மதிலில் வைத்துவிட்டுப் போய்த் தோள் கொடுத்தேன். மண் போட்டு முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து பார்த்தபோது, ஒரு கறுப்பு மாடு தொப்பியின் விளிம்பைச் சுற்றிவரத் தின்று முடித்திருந்தது. செருப்பைக் கழற்றி விரட்டினேன். வாயில் வாரோடு இரண்டடி தள்ளிப் போய், என்னைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது.