சாப்பாட்டு அழைப்புக்கு ஒரு புள்ளி குறைவு

பிள்ளைகளின் மின்னஞ்சலுக்குப் புள்ளி போடுவது, அடுத்த வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு அதில் பிழையும் பிடிக்கிற தொழில். ஆசிரியர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் எங்கள் பாடசாலைக்கு இரண்டு கணினிகள் கிடைத்தன. யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றுடன் மின்னஞ்சல் நட்பு தொடங்கினோம். பிள்ளைகள் முதலில் கொப்பியில் எழுதுவார்கள். நான் திருத்திய பிறகுதான் கணினிக்குப் போகும். மொத்தப் புள்ளி பத்து: விளிப்புக்கு இரண்டு, தோழியின் கேள்விக்கு மறுமொழி எழுதினால் நான்கு, ஊர் வருணனைக்கு இரண்டு, முடிவுக்கு இரண்டு.

சிவப்புப் பேனை

ஒன்பதாம் வகுப்பு சிபானா, யாழ்ப்பாணத்துத் தோழி மதுரிக்கு எழுதிய முதல் மடலையே இப்படி முடித்திருந்தாள்: "எங்கட வீட்ட சாப்பிட வாங்க. உம்மா கீரிமீன் பொரிப்பா." யுத்தத்தால் பாதை மூடிக் கிடந்த காலம். 'தலைப்புக்குப் புறம்பானது' என்று வெட்டி ஒரு புள்ளி குறைத்தேன். அடுத்த கிழமையும் அழைத்தாள்; அடுத்த கிழமையும் குறைத்தேன். வரமுடியாத பிள்ளையை ஏன் கூப்பிடுகிறாய் என்று கேட்டேன்.

"வாறதும் வராததும் அவட விருப்பம் டீச்சர். கூப்பிடாம உட்டா அது எங்கட பிழையாயிரும்."

எத்தனை அறை?

நான் வெட்டிய வரியை அவள் அப்படியே அனுப்பியிருக்கிறாள் என்பது மதுரியின் பதில் வந்தபோதுதான் தெரிந்தது. "வந்தால் எங்கை இருத்துவீங்கள்? வீட்டிலை எத்தினை அறை?" என்று கேட்டிருந்தாள்.

சிபானா குடும்பம் அப்போதும் தற்காலிகச் சுனாமிக் கொட்டிலில்தான் இருந்தது. வகுப்பில் பலர் தோழிகளுக்காக மடலிலேயே மாடிவீடு கட்டிவிட்டிருந்தார்கள். இவளும் கட்டிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் எழுதினாள்: "ஒரு அறைதான், பலகை வீடு. ஒரே சஹன்ல, பெரிய தட்டுல, சுத்தியிருந்து ஆறு பேர் தின்னுவம். நீங்க வந்தா ஏழு." அன்று அந்த அழைப்பை வெட்ட எனக்குக் கை வரவில்லை. பத்துக்குப் பத்து போட்டதைக் கணினி ஆசிரியர் ரியாஸ் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், ஒங்கட சிவப்புப் பேனைக்கும் பசி வந்திட்டு போல."

மறுமொழிக்கு நான்கு

யுத்தத்தின் கடைசி மாதங்களில் அந்தப் பாடசாலையிலிருந்து ஒன்றும் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டார்கள். சிபானா மட்டும் கிழமைக்கொன்று எழுதினாள். கேள்வி வராததால் மறுமொழி இல்லை. நான்கு புள்ளியும் இல்லை. ஒவ்வொரு ஆறு போடும்போதும், மதுரிக்கு என்னவோ ஏதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கண்டியில் வேறொரு தோழியைப் பிடித்துத் தருகிறேன், தவணைப் புள்ளியாவது தப்பும் என்றேன்.

"ஆறு போதும் டீச்சர். நான் மாறிட்டா, அவ எழுதுற மடல ஆரு படிக்கிற?"

பத்துக்கு எத்தனை?

யுத்தம் முடிந்து சில மாதங்கள். ஒருநாள் இரண்டாம் பாடவேளையில் ரியாஸ் ஓடிவந்து சிபானாவைக் கூப்பிட்டார். வகுப்பே பின்னால் ஓடியது, நானும் ஓடினேன். மதுரியின் மடலில் விளிப்பும் இல்லை, வருணனையும் இல்லை, முடிவும் இல்லை. சிபானா ஒருதரம் சத்தமாக வாசித்தாள். இரண்டாம் தரம் வாசிக்க அவளால் முடியவில்லை. நானும் அழுதேன், மறைக்கவில்லை.

"எல்லாரும் சுகம். பாதை திறந்திட்டாங்கள். எந்த பஸ்ஸிலை வரவேணும்?"

என் புள்ளித் திட்டப்படி அதற்குப் பத்துக்கு நான்குதான். நல்லவேளை, அந்த மடலுக்குப் புள்ளி போடவேண்டிய பாவம் யாழ்ப்பாணத்து ஆசிரியரைச் சேர்ந்தது.